மேற்கு ஜன்னலின் வெளித்திட்டு

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று என் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

பசுமைக்குடிலின் முதல் கதவுக்குப் பக்கத்தில் பல வருடங்களாகத் தொங்கிய பலகை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆங்கிலத்தில் வந்த விதிப் புத்தகத்தை ஒரு மழைக்காலம் முழுவதும் அகராதியோடு உட்கார்ந்து படித்து, தமிழில் எழுதி, பெயிண்ட் வாங்கி, நானே அடித்தேன். பதினேழு விதிகள். அந்த இடத்தில் இப்போது ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. மூன்று மொழி, நாலு சின்னம், அடியில் பொறுப்பாளர் டாக்டர் மாதேஸ்வரன் என்று பெயர். என் பலகையில் என் பெயர் இல்லை. ஆனால் அது என் கையெழுத்து.

"பழசாயிருச்சுங்க பொன்னுரங்கம். அனுமதிக் குழுவுல இருந்து வந்தாங்கன்னா இதத்தான் கேப்பாங்க" என்றார் மாதேஸ்வரன் சார்.

"விதி பழசாகலீங்களே சார்" என்றேன். பலகையை ஆட்டோகிளேவ் அறையில் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறேன்.

பிற்காலத்தில் யாராவது இதைப் படித்தால் புரியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இந்தக் குடிலில் வளர்வது மரபணு மாற்றிய தக்காளி. இலைச்சுருள் நோய் தாக்காத தக்காளி என்கிறார்கள். சோதனை முடிந்து அனுமதி கிடைக்கும்வரை இதன் ஒரு விதைகூட, ஒரு துளி மகரந்தம்கூட வெளியே போகக் கூடாது. அதற்காகத்தான் இரண்டு கதவு. ஒன்று சாத்திய பிறகுதான் மற்றது திறக்கவேண்டும். அதற்காகத்தான் மேலங்கி, கால் நனைக்கும் மருந்துத் தொட்டி, ஜன்னல்களில் வலை. வேலை முடிந்த செடி, மண், உதிர்ந்த இலை எல்லாம் ஆட்டோகிளேவில் நீராவியில் வெந்து செத்த பிறகுதான் குழிக்குப் போகும். நான் ஓய்வு பெற்ற பிறகும் தினக்கூலிக்கு என்னை வைத்திருப்பது அந்த இயந்திரத்துக்காக. அது வேறு யார் பேச்சையும் கேட்பதில்லை.

தலையில் பூ வைத்துக்கொண்டு வந்த இயக்குநரின் மனைவியை முதல் கதவிலேயே திருப்பி அனுப்பியவன் நான். அதற்காக எனக்குக் கிடைத்தது ஒரு மெமோ.

மதியம் மேற்கு ஜன்னலின் வெளித்திட்டில் வழக்கம்போல ஒரு கவளம் வைத்தேன். வந்தாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் இருந்த கம்பிவலையை வண்ணம் பூசக் கழற்றிய ஒப்பந்தக்காரர் திரும்ப மாட்டவில்லை. மறுபடி சொன்னேன். "நாளைக்குங்க" என்கிறார். அவருடைய நாளை எப்போது வரும் என்று தெரியவில்லை. உள்ளே இருக்கும் நைலான் வலை மட்டும்தான் இப்போது காவல்.

மருமகள் பிரபா இன்று சோற்றைக் குழைய வடித்துவிட்டாள். கவளம் திட்டில் நிற்கவில்லை. பாதி வலைமேல் அப்பிக்கொண்டது. ஆனாலும் திட்டுக்கு வந்தவள் முகம் சுளிக்காமல் தின்றாள். உயிரோடு இருந்தபோது என் மனைவி பழனாத்தாள் குழைந்த சோற்றைத் தொடவே மாட்டாள். போன பிறகு பக்குவம் வந்திருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

ஒரு பழம் காணவில்லை.

மேற்கு அறையில் ஜன்னலை ஒட்டிய மேசையில் உள்ள செடி. ஒவ்வொரு காய்க்கும் நூல் கட்டி அட்டை தொங்கவிட்டிருக்கிறது. அட்டை இருக்கிறது, நூல் இருக்கிறது, பழம் இல்லை. நெல்லிக்காய் அளவுப் பழம். நேற்று மாலை சிவந்திருந்ததை நானே பார்த்தேன்.

செடிகள் நஸ்ரினுடையவை. உடுமலைப் பெண், இங்கே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். தொட்டிகளுக்கு அடியிலும் சாக்கடைச் சல்லடையிலும் தேடினாள். நானும் தேடினேன். எலிப்பொறியில் வைத்த கருவாடு அப்படியே இருக்கிறது.

தண்ணீர் ஊற்றும் மருதாயியைக் கேட்டேன்.

"ஏம் பெரியவரே, ஒத்தத் தக்காளிய வெச்சு நான் என்ன பண்றது? ரசம் வெச்சா உங்க நாக்குக்கே பத்தாது."

"விதி தெரியுமல்ல?"

"தெரியாம என்ன? தினமும் நீங்க ஓதற மந்தரந்தான. உள்ள இருக்கறது வெளிய போகக்கூடாது. சாயங்காலம் ஆனா நான் மட்டும் போலாமா, அதுக்கும் சீட்டு வாங்கோணுமா?"

இவளிடம் பேசிப் பயனில்லை.

வலையின் கீழோரத்தில் கிழிசல் ஒன்று கண்டேன். நெல்லிக்காய் நுழையும் அளவு. ஒப்பந்தக்காரரின் ஏணி பட்டிருக்கும். தைத்துவிட்டேன். மாதேஸ்வரன் சாரிடம் சொன்னேன். "தெச்சுட்டீங்கல்ல? அப்பறம் என்னங்க" என்றார். கிழிசலைக் கண்டால் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்பது பதினொன்றாம் விதி. கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தார். அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

பழம் எங்கே போயிற்று என்று மட்டும் விளங்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

வலையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. நீளமாக, கெட்டியாக, வலைக்கண்ணில் சிக்கிக்கொண்டு. முதலில் பார்த்தது நஸ்ரின். மாதேஸ்வரன் சார் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து, "ஏதோ பூச்சி முட்டை" என்றார். எல்லோரும் பதறினோம். வெள்ளை ஈ நுழைந்தால் இங்கே மூன்று வருட வேலை மூன்று வாரத்தில் போகும்.

மாலையில் பூச்சிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தேடினேன். இவ்வளவு பெரிய முட்டை இடுகிற பூச்சி அதில் இல்லை. நஸ்ரின் ஒன்றை இடுக்கியால் எடுத்துப் போனாள். நாளை லென்ஸில் பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

செப்டம்பர் 15, திங்கள்

முட்டை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க ஐயா, பயப்பட வேண்டாம்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. படித்தவர்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வராது. மழை வரும்போல் இருக்கிறது. மருந்துத் தொட்டியை மூடி வைத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை.

மகன் குமாரவேலின் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. பால்கனி முழுக்கப் புறா வலை. போன வருடம் அவன் அம்மா போய்ப் பதினாறு கழிந்த உடனே அடித்தான். பேத்தி இனியாவுக்கு இழுப்பு உண்டு. புறா எச்சம் காற்றில் வந்தால் ஆகாது என்று டாக்டர் சொன்னாராம். சரி. ஆனால் காக்கைக்கும் சேர்த்தா அடிப்பது?

"மொட்டை மாடில போய் வெச்சுக்கலாம்ங்கப்பா" என்றான்.

"மொட்டை மாடியப் பூட்டிச் சாவியச் செயலாளர் வெச்சிருக்காரு. உங்கம்மாவுக்குச் சோறு வெக்க அவருகிட்ட நான் மனு எழுதோணுமா?"

"இன்னைக்கு ஒரு நாளைக்குக் கேட்டா குடுப்பாருங்கப்பா."

"தினமும் வெக்கறவனுக்கு ஒரு நாள் சாவி எதுக்கு?"

பிரபா வடை, பாயசம், வாழைக்காய் எல்லாவற்றையும் டிபனில் கட்டிக் கொடுத்தாள். இரண்டு பஸ் மாறி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். ஞாயிறு என்பதால் காவலாளி ஏற இறங்கப் பார்த்தான். ஆட்டோகிளேவ் என்றேன். விட்டுவிட்டான்.

வெளித்திட்டில் இலைத்துண்டு விரித்துப் படைத்தேன். கா, கா என்று கூப்பிட்டேன். வேப்பமரத்திலிருந்து நேரே இறங்கினாள். வலது காலில் ஒரு விரல் குறைவு. அதனால் வேறு யாரோடும் எனக்குக் குழப்பம் வருவதில்லை. தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வடையில் வாய் வைப்பாள். வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் பழனாத்தாள் அப்படித்தான் பார்ப்பாள். கடைசியில் வாங்கிக்கொள்வாள்.

குடிலுக்குள் உணவு கொண்டுபோகக் கூடாது என்பது ஆறாம் விதி. இன்றுவரை நான் மீறியதில்லை. எப்போதும் வெளியேதான்.

செப்டம்பர் 26, வெள்ளி

மருதாயி வந்து, "பெரியவரே, உங்க தக்காளி வெளிய வந்து வெயில் காயுது" என்றாள். கிண்டல் என்று நினைத்தேன். கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேற்குச் சுவருக்குக் கூட்டிப்போனாள்.

மழைநீர் ஓடும் சிமெண்ட் வாய்க்கால். வெடிப்பில் ஒரு நாற்று. இலைக்காம்பைக் கசக்கி முகர்ந்தேன். தக்காளி.

கேண்டீன் தக்காளியாக இருக்கலாம். யாராவது துப்பியதாக இருக்கலாம். பெங்களூர்த் தக்காளி, நாட்டுத் தக்காளி, எதுவாகவும் இருக்கலாம். நஸ்ரின் ஓர் இலையைக் கிள்ளிப் பையில் போட்டாள். அதைச் சுற்றி நாலு கல் வைத்து மேலே ஒரு வாளியைக் கவிழ்த்தேன்.

எங்கிருந்து வந்தது? கதவு இரண்டும் சரி. சாக்கடைச் சல்லடை சரி. யாரும் பையோடு உள்ளே போகவில்லை. நான் விடவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

நம்முடையதுதான். சோதனையில் சந்தேகத்துக்கே இடமில்லையாம்.

மாதேஸ்வரன் சார் அறைக்குள் எல்லோரையும் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குழு வருது. அடுத்த வாரம் புதன்கிழமை. வெளிய எப்பிடிப் போச்சுன்னு நாம சொல்லியாகணும். எந்த வழியா போச்சு, எந்த ரூமோட நின்னுச்சுன்னு காட்ட முடிஞ்சா, அந்த ரூமை மட்டும் அழிச்சாப் போதும். காட்ட முடியலைன்னா, ரெண்டையும் அழிக்கணும்."

கிழக்கு அறையில் இருப்பதுதான் நஸ்ரினின் கடைசித் தலைமுறைச் செடிகள். இரண்டு அறைக்கும் நடுவே தனிச் சுவர், தனிக் கதவு, அதன் வலையில் ஒரு கீறல்கூட இல்லை. நான் சத்தியம் செய்வேன். ஆனால் சத்தியத்தைக் குழு ஏற்றுக்கொள்ளாதாம். வழியைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் அவள் மூன்று வருடமும் ஆட்டோகிளேவுக்குள். அதை இயக்கப் போகிறவன் நான்.

"நஸ்ரின், ஏதாச்சும் தோணுதாம்மா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க சார்" என்றாள்.

அவ்வளவுதான். வாதாடவில்லை, அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஒப்பந்தக்காரர் கம்பிவலையைக் கழற்றிப்போட்டதைச் சொல்லலாம். ஏணி பட்டுக் கிழிந்ததைச் சொல்லலாம். நான்தான் சொன்னேன். "ஏணி பழத்தைப் பறிக்குமாங்க?" என்று கேட்டார்.

வெளியே வந்ததும் நஸ்ரின் பின்னாலேயே வந்தாள். "ஐயா, மத்தியானம் நீங்க எங்க உக்காந்து சாப்புடறீங்க?"

இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா இது? "எங்க சாப்பிட்டா உனக்கென்ன கண்ணு? அது உன் ஆராய்ச்சில வருதா?" என்றேன். "இல்லீங்க ஐயா, வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆட்டோகிளேவுக்குச் சந்தனம், குங்குமம், பொரிகடலை. மருதாயி மாலையும் வாங்கி வந்தாள். பூ குடிலுக்குள் வரக் கூடாது. ஆட்டோகிளேவ் அறை குடிலோடு சேர்ந்ததா இல்லையா என்று அவளுக்கும் எனக்கும் வாக்குவாதம். "அப்ப மாலைய அடுப்புலயே போட்டு வேக வெச்சுச் சாத்துங்க" என்றாள். கடைசியில் மாலை வாசலோடு நின்றது. பூசணிக்காய் உடைக்கவும் நான் விடவில்லை. விதை சிதறும்.

திருஷ்டி கழிக்காததால்தான் இந்த நிலைமை என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

வலையில் நான் தைத்த இடம் மறுபடி பிரிந்திருக்கிறது. இப்போது ஏணியும் இல்லை, ஒப்பந்தக்காரரும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரட்டை நூல் போட்டுத் தைத்தேன்.

அக்டோபர் 4, சனி

வலையைப் பிரிப்பது யார் என்று கண்டுபிடிக்கத் தீர்மானித்தேன். சாப்பாடு முடித்து, வழக்கம்போல வைத்துவிட்டு, கை கழுவி, கால் நனைத்து, மேலங்கி போட்டு மேற்கு அறைக்குள் போய்ச் செடிகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து அந்த ஜன்னலை அந்த நேரத்தில் நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தோன்றியது.

ஒரு காக்கை வந்தது. திட்டில் இருந்ததைத் தின்றது. தின்று முடித்து, வலையில் ஒட்டியிருந்த பருக்கைகளைக் கொத்தியது. பருக்கையோடு நூலும் வந்தது. இழுத்தது. தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது. ஜன்னலோரச் செடியில் பழுத்த கொத்து ஒன்று வலையில் சாய்ந்து கிடந்தது.

கையைத் தட்டினேன். பறந்துவிட்டது.

அது அவளில்லை. வேறு காக்கை.

அக்டோபர் 5, ஞாயிறு

வீட்டில் இருந்தேன். எழுத எதுவும் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

இன்று பசியில்லை. டிபனைத் திறக்கவில்லை. இருந்தும் அந்த நேரத்துக்குத் திட்டில் வந்து உட்கார்ந்து வலையைத் தட்டியது. வலது காலில் ஒரு விரல் குறைவு. எத்தனையோ காக்கைக்கு விரல் குறைந்திருக்கும்.

நஸ்ரின் கிழக்கு அறையில் பூக்களுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். நாளை மறுநாளுக்குப் பிறகு இருக்குமா என்று தெரியாத செடிகளுக்கு ஒவ்வொன்றாக உறை மாட்டுகிறாள்.

"அன்னிக்கு எடுத்துட்டுப் போனியே, அந்த முட்டை" என்றேன்.

"லென்ஸ்ல பாத்தேங்க ஐயா. முட்டை இல்லீங்க."

"என்னன்னு ஏன் சொல்லல?"

உறையின் வாயைச் சுருக்கிக் கட்டினாள். அடுத்த பூவுக்குப் போனாள். அதையும் கட்டினாள்.

"எறந்துபோன எங்க அத்தாவுக்கு வருசா வருசம் பாத்தியா ஓதிச் சோறு குடுக்கறோம்ங்க. போன வருசம் இங்க வேலைன்னு நான் போகல. அம்மா இன்னும் எங்கூடச் சரியாப் பேசறதில்ல."

"நான் அதைக் கேக்கலையே."

"தெரியுங்க ஐயா."

"குழுகிட்டச் சொல்லிரு. உன் செடியாச்சும் மிஞ்சும்."

"நான் எதையும் கண்ணால பாக்கலீங்க. பாக்காதத எப்பிடிச் சொல்றது?" என்றாள். பிறகு, "கம்பிவலைய மாட்டிட்டா நீங்களே சோறு வெக்கற எடத்த மாத்திருவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்றே விளங்கவில்லை. மூன்று வருடத்தை இப்படியா தூக்கிக் கொடுப்பது? யார் கேட்டது? திட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு உறை கட்டினாள். வெளியே வந்து முதல் கதவைச் சாத்தாமலே இரண்டாவதைத் திறந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் முதல் முறை.

அக்டோபர் 8, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓர் அம்மையார், வெள்ளைத் தலை, கான்வாஸ் செருப்பு. பெங்களூரிலிருந்து வந்திருந்தாலும் தமிழ் பேசினார். கதவு, சல்லடை, மருந்துத் தொட்டி எல்லாம் பார்த்தார்கள். மருந்துத் தொட்டியில் நான் கலந்த அளவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். மாதேஸ்வரன் சார் ஏணியைப் பற்றிச் சொன்னார். அது நான் சொன்ன ஏணி. இப்போது அவர் வாயில்.

மேற்குச் சுவருக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அம்மையார் வாளியைத் தூக்கி நாற்றைப் பார்த்தார். அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார்.

"பாதை தெரியலைன்னா ரெண்டு ரூமும் போகணும். வேற வழி இல்லை" என்றார். நஸ்ரின் தரையைப் பார்த்தாள்.

நான் போய் டிபனை எடுத்து வந்தேன்.

"பொன்னுரங்கம், சாப்பாடு அப்பறமாப் பாத்துக்கலாம்ங்க" என்றார் மாதேஸ்வரன் சார்.

"அப்பறமாச் சாப்பிட்டா வராதுங்க சார்" என்றேன்.

உருட்டி ஒரு கவளம் திட்டில் வைத்தேன். கொஞ்சம் வலைமேல் தடவினேன். எல்லோரையும் வேப்பமர நிழலுக்குப் போகச் சொன்னேன். குழுத் தலைவரையும்தான். போனார்கள். கா, கா என்றேன். படித்தவர்கள் முன்னால் அப்படிக் கூப்பிடுவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மறுபடி கூப்பிட்டேன்.

வந்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. இன்று மட்டும் வராமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். வராவிட்டால் அந்தப் பெண்ணின் செடிகள் போகும் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க முடிகிறது.

கவளத்தைத் தின்றது. வலையைக் கொத்தியது. நான் போட்ட இரட்டை நூலை ஒவ்வொன்றாக உருவியது. துளைக்குள் அலகை விட்டு, சாய்ந்திருந்த கொத்திலிருந்து ஒரு பழத்தைத் திருகிப் பறித்து, வாய்க்காலின் மேலாக மரத்துக்குப் போனது. கிளையில் உட்கார்ந்து கிழித்தது. சதை கொஞ்சம் கீழே விழுந்தது. அம்மையாரின் கான்வாஸ் செருப்புக்குப் பக்கத்தில்.

அம்மையார் விழுந்ததைத் தாளில் எடுத்து மடித்தார். "எவ்வளவு நாளா வைக்கிறீங்க?"

"அவ போனதுல இருந்துங்க."

"யாரு?"

"அதைக் கேக்க உங்க படிவத்துல இடம் இருக்காதுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். பேனாவை மூடிக்கொண்டார்.

"வெளித்திட்டுல வைக்கக் கூடாதுன்னு விதில இல்லீங்க" என்று சொன்னேன். "உள்ள கூடாதுன்னுதான் இருக்கு. நான் உள்ள கொண்டுபோனதில்ல."

"இருந்திருக்கணும்" என்றார் அம்மையார்.

"ஆமாங்க. நீங்க விட்டுட்டீங்க."

மாதேஸ்வரன் சார் முகம் சிவந்துவிட்டது. "அவருக்கு வயசாயிருச்சுங்க மேடம்" என்றார். அதற்கு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நஸ்ரின் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்து விட்டுவிட்டேன்.

முடிவு: மேற்கு அறை முழுதும் அழிக்கப்படும். கிழக்கு அறை நிற்கும். வேப்பமரத்தைச் சுற்றியும் கேண்டீன் வரைக்கும் பருவம் முடியும்வரை நாற்றுத் தேடிப் பிடுங்கவேண்டும். கம்பிவலை இன்றே மாட்டவேண்டும். கடைசியாக என் பெயர்.

அக்டோபர் 9, வியாழன்

என்னை அனுப்பிவிட்டார்கள் என்று எழுதமாட்டேன். வேலை முடிந்தது.

நாளை முதல் வரவேண்டாம் என்றார்கள். இன்று மேற்கு அறைச் செடிகளை வேகவைக்க வேண்டுமே, அதை யார் செய்வது என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானே செய்தேன். நஸ்ரின் செடிகளை வெட்டிப் பையில் கட்டிக் கொடுத்தாள். ஜன்னலோரச் செடியை அவள் கையில் கொடுக்காமல் நானே வெட்டினேன். அழுத்தம் ஏறி, நின்று, இறங்கியது. கதவைத் திறந்தபோது தக்காளிச் சாதம் போல ஒரு வாசனை. மருதாயி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் எடுத்திருந்தா இத்தனை ரசம் வெச்சிருக்கலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் போகும்போது, "பெரியவரே, நான் இனி யாருகிட்டத் திட்டு வாங்கறது?" என்று கேட்டாள்.

ஒப்பந்தக்காரர் கம்பிவலை மாட்டினார். அவருடைய நாளை இன்றைக்கு வந்துவிட்டது.

மதியம் திட்டில் வந்து உட்கார்ந்தது. கம்பியைத் தட்டியது. நான் ஆட்டோகிளேவ் அறையை விட்டு வெளியே வரவில்லை. நெடுநேரம் தட்டியது.

மாலையில் பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்தேன். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் பலகையில் பதினேழாவதுக்குக் கீழே எழுதினேன்: 18. வெளித்திட்டிலும் சோறு வைக்கக் கூடாது. பறவை வரும்.

ஆரம்பத்திலேயே இருந்திருக்கவேண்டிய விதி. புத்தகம் எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள்.

பலகையைச் சுவரோடு சாய்த்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் நஸ்ரின் அதைத் தூக்கிக்கொண்டு போகிறாள். ஈரம் காயவில்லை, துப்பட்டாவில் படும் என்று கத்தினேன். கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

மூன்று நாளாக வீட்டில். காலையில் பேத்திக்கு இழுப்பு இல்லை. நன்றாகத் தூங்குகிறாள்.

பால்கனியில் நின்று புறா வலையைப் பார்த்தேன். நல்ல வலைதான். ஓரக் கட்டுகள் மட்டும் சரியில்லை.

பிரபா கிண்ணத்தில் சோறு எடுத்து வந்து பின்னால் நின்றாள். "அவரு எந்திரிக்கறதுக்குள்ள வெச்சிருங்க மாமா."

"கேட்டான்னா?"

"காத்துல அவுந்துருச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

"வேண்டாம். அப்பாதான் அவுத்தாருன்னு சொல்லு."

கீழ் மூலையில் ஒரு கட்டை மட்டும் அவிழ்த்தேன். அறுக்கவில்லை. வலையை அறுப்பது தவறு. கை நுழையும் அளவு இடம் விட்டுக் கைப்பிடிச் சுவரில் கவளத்தை வைத்தேன். வலையில் படாமல் தள்ளி வைத்தேன். கூப்பிட்டேன். இங்கே அவளுக்கு வழி தெரியாது. இரண்டு பஸ் மாறவேண்டும்.

நின்று பார்த்துக்கொண்டிருக்க நினைத்தேன். உள்ளே பேத்தி தூங்குகிறாள். பால்கனிக் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தி, திரையையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். வந்ததா, இல்லையா, தெரியவில்லை.

வெளியில் திறந்திருந்தால் உள்ளே சாத்தியிருக்கவேண்டும். முதல் விதி.